கரடு யாருக்குச் சொந்தம்

சாலை போடச் சொல்லி மறியல் நடந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, பாதையைச் செப்பனிடாதே என்று கூடுகிற கூட்டம் சட்டென்று பிடிபடாது. எனக்கும் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு வந்து ஒட்டிக்கொண்ட சங்கடம் இன்னும் விலகவில்லை. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே கிடக்கிறது பீக் மாவட்ட மேட்டுநிலம். அங்கே ரஷப் எட்ஜ் என்ற மலைவிளிம்பில் போகும் பழைய குதிரைப்பாதை ஒன்றில் 2014இல் டெர்பிஷயர் கவுண்டி நிர்வாகம் வேலை தொடங்கியது. மழையும் குளம்பும் சக்கரமும் அரித்து அரித்துப் படிபடியாக வெளியே தள்ளி நின்ற பாறைகளின் மேல் ஜல்லி கொட்டி மட்டம்செய்வது திட்டம். மலைச் சைக்கிள்காரர்கள் கொதித்தார்கள். நடப்பவர்களும் குதிரையேறுபவர்களும்கூட அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். வேலை பாதியில் நின்றது. அவர்கள் கேட்டது சுருக்கமாக இவ்வளவுதான்: எங்கள் பாதை கஷ்டமாகவே இருக்கட்டும். நான் பாறைகளின் கட்சி. ஜல்லி மூடிய பாதையில் போக எனக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. ஆனால், கஷ்டத்தைக் காப்பாற்றித் தாருங்கள் என்று கேட்பதற்கு ஒருவனுக்கு எவ்வளவு சௌகரியம் வாய்த்திருக்க வேண்டும் என்ற கேள்வி, ஏற்றத்தில் மூச்சு முட்டும்போதெல்லாம் என்னோடு சேர்ந்து ஏறிவருகிறது.

இந்தப் பாதைகளின் கல் பரல்பரலான மணற்கல். மில்ஸ்டோன் கிரிட் என்பார்கள். திரிகைக்கல்லும் சாணைக்கல்லும் ஒருகாலத்தில் இதில்தான் வெட்டினார்கள். ஸ்டானேஜ் பாறைச்சுவரின் அடிவாரத்தில், கொண்டுபோக ஆளில்லாமல் விட்டுப்போன கற்சக்கரங்கள் இன்றும் புல்லுக்குள் சாய்ந்து கிடக்கின்றன. இந்தக் கல் ஈரத்திலும் டயரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் நம்பலாம். விழுந்தால் முழங்கைத் தோலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அதனால் முழுக்க நம்பவும் கூடாது. இறக்கம் வந்ததும் சீட்டைத் தாழ்த்தி, பெடல் மேல் எழுந்து நின்று, முட்டியையும் முழங்கையையும் தளர விட்டு, பிரேக்கில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. நாலைந்து மீட்டர் தள்ளி, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். எந்தக் கல்லில் மோதிவிடுவோமோ என்று பயந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் சக்கரம் அங்கேதான் போய் முட்டும். ஃபோர்க் அமுங்கி எழும் சீற்றம், சரளை தெறித்து ஃப்ரேமில் அடிக்கும் ஒலி, நீண்ட இறக்கத்தின் முடிவில் டிஸ்க் பிரேக்கிலிருந்து வரும் கருகல் வாடை. அந்தச் சில நிமிடங்களில் வீட்டுக் கடன் இல்லை, அலுவலகம் இல்லை, ஊரிலிருந்து வரவேண்டிய போன் இல்லை. அடுத்த கல் மட்டும்தான் இருக்கிறது. இதை விடுதலை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. வேறெதற்கும் இடமில்லாதபடி ஒன்று மனதை அடைத்துக்கொள்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தக் கரடு இயற்கையாக வந்தது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு நிம்மதி உண்டு. மலை கரடாக இருக்கிறது, நாம் அதனோடு மல்லுக்கட்டுகிறோம், நடுவில் மனிதர் யாருமில்லை. ஆனால் பாதை என்று ஒன்று இருந்தாலே அங்கே மனிதர் இருந்திருக்கிறார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இந்த மேடுகளைத் தாண்டிய சரக்கில் பெரும்பகுதி குதிரை முதுகில் போனது: செஷயரின் உப்பு, கம்பளி, துணி, ஈயம். குதிரைக்குச் சுமார் நூறு கிலோ பாரம். இருபது முப்பது குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முன்னால் போகும் குதிரையின் கழுத்தில் மணி இருக்கும். ஓட்டிப்போனவர்களை ஜாகர் என்றார்கள். மூடுபனியில் வழி தவறினால் ஆளும் குதிரையும் சதுப்பில் போய்ச் சேரவேண்டியதுதான். அதனால் 1697இல் வந்த சட்டம் ஒன்று, பாதைகள் சந்திக்கும் இடங்களில் வழிகாட்டிக் கல் நடச் சொன்னது. 1709 என்று ஆண்டு பொறித்த கற்கள் டெர்பிஷயர் மேட்டில் இன்றும் நிற்கின்றன. நம் சாலையோரத்துச் சுமைதாங்கியைப் போல, முகம் தெரியாத ஒருவரின் பாரத்தை மனதில் வைத்து நட்ட கற்கள். பிறகு சுங்கச் சாலைகளும் கால்வாய்களும் ரயிலும் வந்தன. குதிரைகள் மேட்டைவிட்டு இறங்கிப் போயின. வேறு வழி இருந்தால் யாரும் இதில் வரமாட்டார்கள் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. கைவிட்ட பாதையில் மீதி வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. குளம்பு தேய்த்த பள்ளத்தில் ஓடி, மண்ணைக் கழுவி, பாறையின் எலும்பை வெளியே எடுத்தது. ஆக, நான் கொண்டாடும் கரடு இரண்டால் ஆனது: போகாமல் இருக்க முடியாதவர்களின் கால்கள், அவர்களுக்குப் பிறகு யாரும் திரும்பிப் பாராத காலம். இரண்டிலும் எனக்குப் பங்கில்லை.

எடேல் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், கிண்டர் மேட்டுக்கு ஏறும் சரிவில் ஜேக்கப்ஸ் லேடர் என்று ஒரு இடம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே நிலம் வைத்திருந்த ஜேக்கப் மார்ஷல் என்ற ஜாகர் வெட்டிய படிகள் அவை. பாரம் ஏற்றிய குதிரையால் நேர்ச்சரிவில் ஏற முடியாது. அதை நீண்ட வளைவுகளில் சுற்றி வரவிட்டு, தான் மட்டும் குறுக்கே ஏறிப்போய் மேலே உட்கார்ந்து புகைக்குழாய் பிடித்தபடி குதிரைக்காகக் காத்திருப்பாராம். எடேலில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அந்தப் படிகள் மேல் மரியாதை. வேலைக்கு நடுவே தனக்கென்று ஒரு குழாய் புகையிலை நேரத்தைக் கல்லில் வெட்டி எடுத்துக்கொண்ட மனிதர் அவர். கஷ்டத்தோடு நாள்தோறும் இருந்தவர் செய்தது இதுதான், அதைக் குறைத்தார். இன்று நடப்பவர்கள் படியில் ஏறுகிறார்கள். சைக்கிளுக்குச் சட்டம் விட்டுவைத்திருப்பது குதிரை சுற்றிய வழி. அந்த வழியின் உருளைக்கற்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைவிலிருந்து காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள், நானும் வருகிறேன். ஏற்றத்தில் பாதிக்கு மேல் மிதிக்க முடியாது. இறங்கித் தள்ளுவோம், சில இடங்களில் தோளில் தூக்கிக்கொள்வோம். ஜேக்கப் மார்ஷல் எதிரே வந்தால் சரக்கு என்ன என்று கேட்பார். சரக்கு ஒன்றுமில்லை. சுமந்துகொண்டு போவதே வாகனத்தைத்தான். இதில் எனக்குக் கூச்சம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூச்சத்துக்கு ஒரு எல்லையும் இருக்கிறது. சரக்கில்லாமல் மலையேறுவதெல்லாம் வெட்டி வேலை என்று ஒதுக்கினால் யாத்திரைகளையும் ஒதுக்க வேண்டிவரும்.

கட் கேட் என்ற பாதையில்தான் இந்தச் சங்கடம் எனக்கு உருவம் பெற்றது. லாங்செட் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, மூர் என்று அங்கே சொல்லும் ஹெதர் புதர் மண்டிய மேட்டுத் தரிசைத் தாண்டி, டெர்வெண்ட் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் குதிரைப்பாதை அது. இங்கிலாந்தின் மிகச் சிறந்த மலைச் சைக்கிள் வழிகளில் ஒன்றாக இதைச் சொல்பவர்கள் ஏராளம். டெர்வெண்ட் பக்கத்து விவசாயிகள் பெனிஸ்டன் சந்தைக்கு ஆடு ஓட்டிப்போன வழி இது. இன்று அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் டெர்வெண்ட் கிராமம் இல்லை. ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் ஆகிய நான்கு நகரங்களின் தாகத்துக்காக லேடிபவர் நீர்த்தேக்கம் 1940களில் நிரம்பியபோது டெர்வெண்டும் அதன் அண்டை ஊரான ஆஷப்டனும் நீருக்குள் போயின. தேவாலயத்தின் கோபுரம் மட்டும் கொஞ்ச காலம் தண்ணீருக்கு மேல் நின்றது. அதையும் 1947இல் வெடிவைத்துச் சாய்த்தார்கள். தப்பியது ஒரு குதிரைப் பாலம். அதன் கற்களுக்கு எண் போட்டுப் பிரித்தெடுத்துப் பாதுகாத்து, 1959இல் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், ஹவ்டன் நீர்த்தேக்கத்துக்கு அப்பால், ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் மறுபடி கட்டினார்கள். கட் கேட் வந்து முடியும் இடமும் அதுதான். முழங்கால் நடுங்க இறங்கி வருபவர்கள் அந்தப் பாலத்தின் பக்கத்தில் சைக்கிளைக் கிடத்திவிட்டு ரொட்டியைப் பிரிப்பார்கள். பாலம் அழகு, இரண்டே வளைவுகள்தான். ஆனால் ஊரை இழந்த பாலம், ஊருக்குப் போகாத பாதையின் முடிவில் நிற்கிறது. அந்தப் பக்கம் ஓர் ஊர் உயிரோடு இருந்து, அங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளையும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் இருந்திருந்தால் கட் கேட்டுக்கு என்றைக்கோ தார் கேட்டிருப்பார்கள். அப்போது கல்லை விட்டுவையுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வந்திருக்காது. என் சுகத்துக்கு அந்த ஊரின் இன்மையும் ஒரு நிபந்தனை என்று தோன்றிய பிறகு, அந்த இடத்தில் ரொட்டி முன்போல இறங்குவதில்லை.

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கேள்விக்கு எதிர்பாராத உதவி அங்கிருந்துதான் கிடைத்தது. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி, மான்செஸ்டரின் ஆலைத்தொழிலாளிகளும் இளைஞர்களும் சில நூறு பேர், கௌதாரிக் குடும்பத்தைச் சேர்ந்த க்ரவுஸ் பறவைகளைச் சுடுவதற்காகச் சீமான்கள் மூடிவைத்திருந்த கிண்டர் மேட்டில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். முன்னின்ற பென்னி ராத்மன் ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்து அன்று சைக்கிளில்தான் போய்ச் சேர்ந்தார். நடப்பவர்களின் அந்தப் போராட்ட மரபின் பலன் கடைசியில் 2000ஆம் ஆண்டுச் சட்டமாக வந்தபோது, திறந்த மேட்டில் சுற்றும் உரிமை காலுக்கு மட்டும் கிடைத்தது, சைக்கிளுக்கு இல்லை. சைக்கிளுக்கு உள்ளது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. குதிரைப்பாதையில் ஓட்டலாம், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். எது குதிரைப்பாதை, எது நடைப்பாதை என்பது 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர்தோறும் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏறியது. ஒரு ஊரார் குதிரைப்பாதை என்று எழுதியதை அடுத்த ஊரார் நடைப்பாதை என்று எழுதினார்கள். அதனால் நல்ல பாதை ஒன்று நட்டநடு மேட்டில், கண்ணுக்குத் தெரியாத ஊரெல்லையில், சைக்கிளுக்குத் திடீரென்று முடிந்துபோவது உண்டு. இதைப் பற்றி எரிச்சல்படச் சைக்கிள்காரர்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அதே 30ஆம் பிரிவில் இன்னொரு வாசகமும் உண்டு. சைக்கிள் ஓட்டலாம் என்பதால், அதற்கு வசதிசெய்து தரும் கடமை யாருக்கும் வந்துவிடாது. வரிசெலுத்துவோரின் பணத்தைக் காக்கும் எச்சரிக்கைதான் அது. இருந்தாலும் எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது: வரலாம், ஆனால் உனக்காக ஒரு கல்லும் நகராது.

கல் நகராத இடத்துக்குத்தான் முதலில் போனவர்களும் போனார்கள். வேஃபேரர் என்ற புனைபெயரில் எழுதிய டபிள்யூ. எம். ராபின்சன் முதல் உலகப்போரில் காயம்பட்டுத் திரும்பியவர். 1919 மார்ச்சில் வேல்ஸின் பெர்வின் மலையைப் பனிக்குள் சைக்கிளோடு கடந்து, அதைப் பத்திரிகையில் எழுதினார். ஓட்டியது கொஞ்சம், தள்ளியதும் தூக்கியதும் அதிகம். அவரைப் படித்து வளர்ந்த தலைமுறையின் ஆசையிலிருந்து 1955இல், லெம்ஸ்டர் என்ற சிறுநகரின் மதுவிடுதி ஒன்றில், ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்ற கரட்டுவழிச் சைக்கிள்காரர்களின் சங்கம் பிறந்தது. கால்சட்டை, கழுத்துப்பட்டி, பைக்குள் தேநீர்க் கெண்டி என்று அவர்கள் மலையைக் கடந்த புகைப்படங்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும். மலைச் சைக்கிள் என்ற பொருள் பிறந்தது வேறிடத்தில். கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலைக்கு அருகே 1976இல் தொடங்கிய ரீபேக் பந்தயத்தில், இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மண்பாதையில் உருட்டிவிட்டு ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தை நாலைந்து நிமிடத்தில் இறங்கினார்கள். பின்சக்கரத்தின் பிரேக்கில் இருந்த கிரீஸ் புகைந்து போகும், ஓட்டம் முடிந்ததும் மறுபடி அடைக்க வேண்டும். வேஃபேரருக்குச் சைக்கிள் மலையைக் கடப்பதற்கு, அவர்களுக்கோ மலையிலிருந்து விழாமல் விழுவதற்கு. இன்றைய மலைச் சைக்கிள்காரருக்குள் இருவரும் இருக்கிறார்கள், ஆனால் சம பங்கில் இல்லை. ஏற்றம் கட்டணம், இறக்கம் காட்சி என்றுதான் பெரும்பாலோர் கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு வயது கூடக்கூட அந்தக் கணக்கு தலைகீழாகிவருகிறது. தோளில் ஃப்ரேம் அழுத்தும் அந்தச் சில நூறு மீட்டரில்தான், இந்தப் பாதையில் ஒருகாலத்தில் என்ன நடந்தது என்பது பற்றி உடம்புக்கு ஏதோ ஒரு துளி தெரியவருகிறது. துளிதான். நூறு கிலோ எங்கே, பதினான்கு கிலோ எங்கே.

கஷ்டம் வேண்டுமென்றால் செய்துகொள்ளலாமே, பழைய பாதையை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி சரியானது. வேல்ஸின் கோயெட் எ பிரெனின் காட்டில் 1990களிலேயே சைக்கிளுக்கென்று பாதை வெட்டத் தொடங்கினார்கள். அதன் பிறகு பிரிட்டன் முழுக்க இத்தகைய இடங்கள் வந்தன. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்துக்கு நிறம் உண்டு. மண்ணைச் சுருட்டி வளைவு எழுப்பியிருப்பார்கள், பாறைகளைக் கொண்டுவந்து புதைத்துத் தடை வைத்திருப்பார்கள். வடிகால் சரியாக இருக்கும். வாசலில் காப்பி கிடைக்கும், சைக்கிளைக் கழுவக் குழாய் இருக்கும். நான் அங்கே சந்தோஷமாக ஓட்டியிருக்கிறேன், இளக்காரமாகப் பேச எனக்கு வாயில்லை. யாருடைய பழைய துயரமும் அந்தக் கல்லில் இல்லை, நெறிப்படி பார்த்தால் சுத்தமான கஷ்டம் அதுதான். ஆனாலும் அங்கே கல் என்னை எதிர்பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. என் சக்கரத்தின் விட்டத்தையும் என் வேகத்தையும் என் பயத்தின் அளவையும் முன்கூட்டிக் கணக்கிட்டு ஒருவர் அதைப் புதைத்திருக்கிறார். கட் கேட்டின் கல்லுக்கு என்னைத் தெரியாது. அந்த அலட்சியத்துக்காகத்தான் போகிறேன் போலிருக்கிறது. எல்லாமே வாடிக்கையாளரின் வசதிக்காக வளைந்துகொடுக்கும் வாழ்க்கையில், எனக்கென்று வளையாத ஏதோ ஒன்றின் முன்னால் போய் நிற்பதற்கு. இதையும் நம்பி முடிப்பதற்குள் ஒரு சந்தேகம். ஜாகருக்கும் அந்தக் கல் வளைந்துகொடுக்கவில்லை, அவர் அதில் எந்தத் தத்துவத்தையும் காணவில்லை. அலட்சியம் சுகமாவது, அதை விட்டு வீட்டுக்குப் போகக் கார் நிற்கும்போதுதான்.

கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மண்ணை மறந்துவிடுவோம். இந்த மேடுகளின் மேல் கறுப்பாக, ஊறிய காகிதம் போல் கிடப்பது பீட் மண். ஸ்பேக்னம் பாசி செத்து, மட்காமல் அடுக்கி வளர்ந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஈரமான மதியம் ஒன்றில் ஒரு சக்கரம் உழுதுவிட்டுப் போகும் ஒரு சாண் ஆழம், பாசியின் கணக்கில் இருநூறு ஆண்டுக்கு மேல். அந்தப் பாசியையும் சைக்கிள் கொல்லவில்லை. மான்செஸ்டரைச் சுற்றியிருந்த ஆலைகளின் புகைக்கரி ஒன்றரை இரண்டு நூற்றாண்டுகளாக இங்கே மழையாக இறங்கி அதைக் கருக்கியது. ப்ளீக்லோ, கிண்டர் மேடுகளில் பீட் அம்மணமாகிக் காற்றிலும் ஓடையிலும் போனது. பிறகு 1965இல் பெனைன் வே என்ற நெடுநடைப் பாதை திறந்து, சதுப்பைத் தவிர்க்கப் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தவர்களின் பூட்ஸ் பாதையைக் களமாக அகலப்படுத்தியது. அதைச் சரிசெய்ய ஹெலிகாப்டரில் கற்பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தப் பலகைகளில் பல, இடித்த பஞ்சாலைகளின் தரைக்கல். மூரைக் கருக்கிய ஆலையின் தரை, மூரைக் காக்க அதன் மேலேயே வந்து படுத்தது. நம் நெசவாளிகளின் பிழைப்பைப் பறித்த துணி நெய்யப்பட்டதும் அப்படிப்பட்ட தரைகளின் மேல்தான். அந்த நினைப்பு அங்கே நிற்கும்போது வராமல் இருப்பதில்லை. ஆனால் லங்காஷயரின் கைத்தறிக்காரர்களையும் முதலில் தின்றது அதே தறிகள்தான் என்பதால், யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்தக் கோபம் பனிக்குள் கரைந்துவிடுகிறது. 2003 முதல் மூர்ஸ் ஃபார் தி ஃப்யூச்சர் என்ற கூட்டமைப்பு அந்த அம்மண பீட்டில் புல்லும் பாசியும் நட்டுவருகிறது.

கட் கேட்டின் உச்சியிலும் அப்படி ஒரு சதுப்பு இருந்தது. கால் வைத்தால் தொடை வரை இறங்கும் என்று பேர்பெற்றது. அதைத் தவிர்க்க எல்லோரும் பக்கத்துப் பாசியில் ஒதுங்க, ஒதுங்க, சேறு ஆண்டுதோறும் அகன்றது. 2018இல் பிரிட்டிஷ் மலையேற்றச் சங்கம் நடத்திய மலைப்பாதை நிதிதிரட்டலில் கட் கேட்டும் சேர்ந்தது. உள்ளூர்ச் சைக்கிள் குழுக்கள் பணம் திரட்டின, சதுப்பு செப்பனிடப்பட்டது. பாறையைத் தொடாதே என்று சில ஆண்டுகளுக்கு முன் கொடிபிடித்த அதே ஆட்களில் பலர் இப்போது சேற்றைச் சரிசெய்யச் சட்டைப்பையைத் திறந்தார்கள். முரண்பாடு என்று சொல்லிச் சிரிக்கலாம். நான் அதில் ஒரு பகுத்தறிவைக் காண்கிறேன். பாறையின் கஷ்டம் அதில் இறங்குபவனோடு முடிந்துவிடுகிறது. மோதுபவன் அவன், வலி அவனுக்கு, பாறை அப்படியே இருக்கிறது. சேற்றின் கஷ்டம் அவனோடு நிற்பதில்லை. அவன் தப்பிக்கிற ஒவ்வொரு அடியும் பாசியின் தலையில் விழுகிறது. எல்லாக் கரடும் ஒரே கரடு அல்ல. இன்னொன்றும் உண்டு. பாறைப்படிகள் சைக்கிளின் வேகத்தை அடக்கிவைக்கின்றன. ஜல்லி போட்டு மழுங்கடித்த இறக்கத்தில் சக்கரம் பறக்கும், வளைவில் எதிரே வரும் கிழவரின் நாயும் குதிரையில் வரும் சிறுமியும் அதைக் கேட்பதற்குள் அது வந்து நிற்கும். வழிவிடு என்று சட்டம் சொல்வதைக் கல் கையைப் பிடித்துச் செய்யவைக்கிறது. ரஷப் எட்ஜில் நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் ஏன் சைக்கிள்காரர்களோடு சேர்ந்து நின்றார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த விளக்கங்களில் இதுவே நம்பத் தகுந்தது.

ஆனால் இந்த வகைபிரிப்பும் நான் ஆசைப்படும் அளவுக்கு வலுவாக இல்லை. பாறையின் வலி விழுந்தவனோடு முடிகிறது என்றேன். முடிவதில்லை. கழுத்தெலும்பு முறிந்து ஒருவன் கட் கேட்டில் கிடந்தால், அந்தப் பக்கத்து மலைமீட்புக் குழுவினர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். சம்பளமில்லாத தன்னார்வலர்கள். இரவுச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வருபவர்கள். ஆக, கடைசியில் மறுபடி ஒருவர் பாரம் சுமந்துகொண்டு அந்தப் பாதையில் வருகிறார், இந்தமுறை பாரம் நான். மின்மோட்டார் பொருத்திய சைக்கிள் வந்தபோது இன்னொரு தூணும் ஆடியது. 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் உதவாது, அந்த எல்லைக்குள் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது சாதாரணச் சைக்கிள். முட்டி தேய்ந்துபோனவர்களும், இதய அறுவைக்குப் பிறகு மேட்டையே மறந்திருந்தவர்களும் மறுபடி மேலே வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு ஏளனம் தலைதூக்குகிறது: ஏற்றத்தைக் கொடுக்காமல் இறக்கத்தை வாங்குகிறார்கள் என்று. அந்த ஏளனத்தை உற்றுப்பார்த்தால், அது ஜேக்கப் மார்ஷல் வெட்டிய படியைப் பார்த்து எவனோ பட்டிருக்கக்கூடிய ஏளனம்தான். கஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு வழி கண்டவனை, கஷ்டத்தைப் பெருமையாக வைத்திருப்பவன் மன்னிப்பதில்லை. எனக்குக் கரடு வேண்டும் என்பதற்கும், எல்லோருக்கும் அது இருக்க வேண்டும் என்பதற்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. வியர்வை வழியும்போது அந்தக் கோடு சுலபமாக அழிந்துபோகிறது.

இத்தனைக்கும் பிறகு பாறைகளின் கட்சியிலிருந்து நான் விலகவில்லை. விலகாததற்குக் காரணம் வீரம் அல்ல. ஒரு மேட்டுநிலம் எனக்கு வசதிசெய்து தரவேண்டியதில்லை என்ற 1968இன் அந்த வறண்ட வாசகத்தை, பயணி ஒருவன் ஏற்றுக்கொள்ளக்கூடிய நல்ல ஒப்பந்தமாகவே இன்று படிக்கிறேன். ஆனால் ஒப்பந்தத்துக்கு மறுபக்கம் உண்டு. நிலம் எனக்காக இளக வேண்டியதில்லை என்றால், என்னால் நிலமும் இளகிவிடக் கூடாது. மூன்று நாள் மழைக்குப் பிறகு பீட் ஊறிக் கிடக்கும்போது கட் கேட்டுக்குப் போகாமல் வீட்டில் இருப்பதும், கல் பாவிய வேறு பாதைக்குத் திரும்புவதும் கரடை விரும்புபவனின் வேலைதான். கறுப்பு நிறப் பாதைகளில் கிடைக்காத கஷ்டம் அது, அதற்கு யாரும் கைதட்டவும் மாட்டார்கள். இந்தக் கல்லில் ஒருகாலத்தில் கால் தேய்ந்தவர்களுக்கு நான் திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. அவர்களுடைய துயரத்தைப் பாரம்பரியம் என்று பெயர்மாற்றிச் சொந்தம் கொண்டாடாமல் இருப்பதே என்னால் முடிந்தது. பாறையை விட்டுவையுங்கள் என்ற மனு அடுத்தமுறை வந்தால் கையெழுத்துப் போடுவேன். அதே தாளின் அடியில், சேற்றுக்கான செலவும் மீட்புக் குழுவின் உண்டியலும் எங்கள் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். சேர்க்க மறுத்தால் பேனாவை மூடிவிடுவேன்.